நர்ஸம்மா கேட்ட ஊதாங்குழல்

கல்யாணமாகி அனுமந்தன்பட்டிக்கு வந்த முதல் மார்கழியில் எனக்கு இரைப்பு முற்றிவிட்டது. கதவை அடைத்து, சாம்பிராணி போட்டு, தெருப் பெண்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே போன மூச்சு வெளியே வரவில்லை. செத்துவிடுவேன் என்றே நினைத்தேன்.

சர்க்கார் ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸம்மா வந்தார். குட்டையான உருவம், வெள்ளைச் சேலை, செம்மண் அப்பிய செருப்பு. எந்த வீட்டில் நுழைந்தாலும் முதலில் ஜன்னலைத் திறப்பாராம். அன்றும் திறந்தார். சாம்பிராணிச் சட்டியைத் தெருவில் வைத்தார்.

"எல்லாரும் வெளிய போங்க. ஊதாங்குழல் எடுத்தாங்க."

"மூச்சுக்கே வழியக் காணோம், அடுப்பு ஊதவா சொல்றீக?" என்று மாமியார் சீறினார்.

"ஆமாத்தா. இவ வாயில நீங்களே பிடிங்க" என்று குழலை அவர் கையிலேயே கொடுத்தார் நர்ஸம்மா. என்னை நிமிர்த்தி உட்காரவைத்து, முதுகில் கைவைத்தார். "சாம்பல் பறக்காம அடுப்பு ஊதுவியே, அப்படி மெதுவா ஊது."

ஊதினேன். பொழுது சாய்வதற்குள் நெஞ்சு இளகியது.

நன்றி சொல்லக் கூச்சமாக இருந்தது. அவர் கையைப் பற்றிக்கொண்டேன்.

"பேச்சு எதுக்கு? மூச்ச விடு, போதும்" என்றார்.

அடுத்த தெருவில் ஒரு கிழவருக்கு இரைப்பு என்று மாமியாரையும் அழைத்துக்கொண்டு நடந்தார். ஊரே பயப்படும் என் மாமியார் ஊதாங்குழலும் கையுமாக மறுபேச்சின்றிப் பின்னால் போனது எப்படியென்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.