நர்ஸ் சண்முகசுந்தரியும் கவுஞ்சி நாயும்

கொடைக்கானல் நாயுடுபுரத்தில் எங்கள் வீட்டை ஒட்டின வீட்டில் சண்முகசுந்தரி அக்கா குடியிருந்தார். ஊர் அவருக்கு வைத்த பெயர் இன்சூரன்ஸ் அக்கா. ஏஜெண்டு என்று நினைத்துவிட வேண்டாம், மதுரையில் படித்துத் தேறிய நர்ஸ். அறுபதுகளின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகம் தன் மாணவர்களை ஒரு வருஷப் படிப்புக்காகக் கொடைக்கானலுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. அந்தப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, கால் சுளுக்கு, வீட்டு ஏக்கம் எது வந்தாலும் பார்த்துக்கொள்ள அவர்கள் அமர்த்திய ஆள் அக்கா. ஒவ்வொரு பிள்ளை பெயரிலும் அங்கே ஒரு கம்பெனியில் இன்சூரன்ஸ் போட்டிருந்தார்கள். ஆஸ்பத்திரிச் செலவு மட்டுமில்லை, நிலைமை மோசமானால் விமானத்தில் ஏற்றி ஊருக்கு அனுப்புகிற செலவும் அதில் அடக்கம்.

பஜாரில் இது ஒருவருக்கும் பிடிபடவில்லை. என் வீட்டுக்காரர் நசுருதீனே ஒருநாள் அக்காவிடம் கேட்டார். அவருக்கு பஜாரில் உருளைக்கிழங்கு, பூண்டு மண்டி; சொந்தமாக ஒரு லாரி.

"செத்தாத்தான இன்சூரன்ஸ்ல காசு வரும் சிஸ்டர்? உசுரோட இருக்கவனுக்கு எவன் குடுப்பான்?"

"இது சாகாம இருக்கறதுக்குக் குடுக்கிற காசுங்க. செத்துட்டா என் சோலி போச்சு" என்றார் அக்கா.

சொன்னபடிதான் நடப்பார். பால்காரனை நம்ப மாட்டார். தண்ணீர் கொதித்தது என்று சமையல்காரி சொன்னால் போதாது, போய்ப் பார்ப்பார். கை கழுவிவிட்டேன் என்று சொல்கிற வெள்ளைக்காரப் பையனின் கையைப் பிடித்து மோந்து பார்ப்பார். இந்த ரஹ்மத் பீவியின் சமையலறையிலேயே வந்து பானை மூடியைத் திறந்து பார்த்தவர். எனக்குக் கோபம் வந்து ஒரு வாரம் பேசாமல் இருந்திருக்கிறேன்.

இப்படி எதையும் நம்பாத மனுஷி, ஒன்றை மட்டும் கேள்வி கேட்காமல் நம்பினார். அக்கா பிறந்தது பழனியில், மலைக்கோயிலில் பூக்கட்டிக் கொடுக்கிற கைங்கரியக் குடும்பத்தில். அடிவாரத்தில் கொடுக்கல் வாங்கல் தகராறு வந்தால், கற்பூரத்தை ஏற்றிக் கையால் அணைத்துச் சத்தியம் செய்வார்கள். அதோடு பேச்சு முடிந்தது. கற்பூரம் அணைத்தவன் பொய் சொல்வான் என்பது அவர் புத்திக்கே எட்டாத விஷயம்.

ஹெலன் என்று ஒரு பிள்ளை வந்திருந்தது. கொஞ்சம் தமிழ் பேசும். மலையில் படிக்கட்டு வயல்களில் எப்படிப் பயிர் செய்கிறார்கள் என்று படிக்க, மலைக்கிராமமான கவுஞ்சியில் திருமலைச்சாமி வீட்டில் போய்த் தங்கியது. திருமலைச்சாமி அந்த ஊரின் பெரியதனக்காரர், அதாவது ஊர்த்தலைவர். ஒருநாள் மாலை அந்தப் பிள்ளை சின்னக்கருப்பன் என்பவருடைய உருளைக்கிழங்கு வயல் வழியாக நடந்துபோக, பன்றி விரட்டக் கட்டியிருந்த நாய் கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து கெண்டைக்காலில் கடித்துவிட்டது.

மறுநாள் காலை எங்கள் லாரியில்தான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தார் திருமலைச்சாமி. அவர் முகத்தில் வெட்கமும் வருத்தமும். வந்ததும் வராததுமாக அக்காவிடம் சொன்னார்:

"ஒண்ணும் கவலப்படாதீங்க நர்ஸம்மா. ஊருக்கு வந்த விருந்தாளியக் கடிச்ச நாயை விட்டு வைப்பமா? முடிச்சுருன்னு சின்னக்கருப்பன்ட்ட நேத்தே சொல்லிட்டேன்."

அக்காவுக்கு முகம் செத்துவிட்டது. ஏன் என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கடித்த நாயைக் கொல்லக் கூடாதாம். கட்டிப்போட்டுப் பத்து நாள் பார்க்க வேண்டும். அது நன்றாக இருந்தால் கடிபட்டவருக்கு வெறிநோய் இல்லை, ஊசியை நிறுத்திவிடலாம். நாய் செத்திருந்தால் அதன் தலையையாவது குன்னூர் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிச் சோதிக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் இரண்டு வாரம் நாள் தவறாமல் வயிற்றில் ஊசி. அந்தக் காலத்து ஊசிமருந்து ஆட்டு மூளையிலிருந்து எடுத்தது. எப்போதாவது யாருக்காவது அந்த மருந்தே நரம்பைத் தாக்கிக் காலை முடக்கிவிடும்.

பிள்ளையை டாக்டரிடம் ஒப்படைத்துவிட்டு அக்கா திருமலைச்சாமியோடு அதே லாரியில் கவுஞ்சிக்கு ஏறினார். ஊர் மந்தைத் திடலில் சின்னக்கருப்பனைக் கூப்பிட்டு நிறுத்தினார்கள்.

"நாயைக் கொன்னுட்டேங்க. கெழக்குப் பள்ளத்துல எறிஞ்சாச்சு" என்றார் அவர். தலையாவது வேண்டும் என்று அக்கா கேட்க, "ஆளு எறங்க முடியாத பள்ளங்க" என்றார்.

அக்காவுக்குச் சந்தேகம் தட்டியது. ஆனால் பெரியதனக்காரர் முந்திக்கொண்டார்.

"ஏலே கருப்பா, நர்ஸம்மா சந்தேகப்படுறாங்கல்ல. அம்மன் முன்னால வந்து சத்தியம் பண்ணுலே."

காளியம்மன் கோயில் வாசலில் கற்பூரம் ஏற்றி, சின்னக்கருப்பன் உள்ளங்கையால் அணைத்தார். அதோடு அக்காவின் சந்தேகமும் அணைந்தது. திரும்பி வந்து, நாய் செத்தது உறுதி, தலை கிடைக்காது என்று டாக்டரிடம் சொன்னார். பிள்ளையைத் தன் வீட்டிலேயே படுக்க வைத்தார். அன்றே ஊசி ஆரம்பமானது.

ஒரு வாரம் போனது. ஒருநாள் காலையில் ஹெலன் கட்டிலைவிட்டு இறங்கிய இடத்திலேயே நின்றது. தரை இருப்பது காலுக்குத் தெரியவில்லை என்றது. டாக்டர் வந்து குண்டூசியால் பாதத்தைக் குத்தினார். பிள்ளை ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருந்தது. குத்தியதே அதற்குத் தெரியவில்லை.

டாக்டர் அக்காவை வெளியே கூப்பிட்டுச் சொன்னார். ஊசியைத் தொடர்ந்தால் கால் நிரந்தரமாகப் போகலாம், மூச்சையும் நிறுத்தலாம். ஊசியை நிறுத்தி, கடித்தது வெறிநாயாக இருந்துவிட்டால் பிழைக்க வைக்க உலகத்தில் மருந்தே இல்லை. அமெரிக்காவுக்கு டிரங்க்கால் போட்டார்கள். கம்பெனிக்காரர்கள் குறை சொல்ல முடியாதபடி நல்லவர்களாகத்தான் இருந்தார்கள். விமானமா, பெரிய டாக்டரா, எது வேண்டுமானாலும் செய்கிறோம் என்றார்கள். ஆனால் முதலில் அவர்கள் கேட்டதும் அதே கேள்விதான்: நாய் என்ன ஆனது?

அக்கா என் அடுப்படியில் வந்து நின்றார்.

"பீவி, நான் கண்ணால பாத்திருக்கணும். பானைத் தண்ணியத் தெறந்து பாக்கத் தெரிஞ்ச எனக்கு, பள்ளத்தை எட்டிப் பாக்கத் தெரியல."

அன்றைய ஊசியைச் சாயங்காலம்வரை தள்ளிப்போடச் சொல்லிவிட்டு, மறுபடி கவுஞ்சிக்குப் போனார். சின்னக்கருப்பன் தனியாக வயலில் களை எடுத்துக்கொண்டிருந்தாராம். அங்கே நடந்ததை அக்கா பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"அண்ணே, உங்க சத்தியத்தைப் பத்திப் பேச வரல. நாய் சாகுறதுக்கு முந்தி தண்ணி குடிச்சுச்சா, எச்சி வடிச்சுச்சா, அத மட்டும் சொல்லுங்க."

அவர் நிமிரவில்லை. "அந்தப் பிள்ளைக்கு எப்பிடி இருக்குங்க?"

"கால் மரத்துப் போய்க் கெடக்கு. நாய்க்கடியால இல்ல. நாங்க போட்ட ஊசியால."

களைக்கொத்து நின்றுவிட்டது. அவர், "நாய் உசுரோட இருந்தா ஊசிய நிறுத்துவாங்களா?" என்று கேட்டார்.

சோலைக்காட்டு ஓரம் ஒரு பழைய ஆட்டுக் கொட்டகை. அதற்குள் கட்டிக்கிடந்தது நாய். அவரைக் கண்டதும் வாலை ஆட்டி ஆட்டிக் குழைந்ததாம். கூடவே வயலில் கிடந்து வளர்ந்த நாயை அடித்துக் கொல்ல அவருக்குக் கை வரவில்லை. பெரியதனக்காரரை எதிர்த்துப் பேசவும் தைரியம் வரவில்லை.

"கொண்டுக்கிட்டுப் போங்க. நான் தந்தேன்னு மட்டும் யாருட்டயும் சொல்லிராதீங்கம்மா. கற்பூரத்தை அணச்சுட்டேன். தெரிஞ்சா ஊருக்குள்ள நிக்க விடமாட்டாங்க."

சொல்ல மாட்டேன் என்று அக்கா வாக்குக் கொடுத்தார். நாயின் வாயைக் கட்டி, சாக்கில் சுற்றி, முட்டைக்கோசு லாரி ஒன்றில் மூட்டைகளுக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்து, தன் வீட்டுக் கொல்லையில் பேரிக்காய் மரத்தில் கட்டினார். எனக்கு நாய் ஆகாது. அது வாய் வைத்த இடத்தைக் கழுவி மாளாது என்று வளர்ந்தவள் நான். அன்றைக்கு மட்டும் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, அல்லாவே இந்த நாயைக் காப்பாற்று என்று துஆ கேட்டேன்.

நாய் தின்னவில்லை. தண்ணீர்ச் சட்டியை வைத்தால் பின்வாங்கியது, வெளிச்சம் பட்டால் உறுமியது. என் வீட்டு ஆட்டெலும்பைக்கூட அது திரும்பிப் பார்க்கவில்லை. சாயங்காலம் டாக்டர் வந்து தூர நின்றே பார்த்தார்.

"புது இடம், அதனாலகூட இருக்கலாம். ஆனா தண்ணியக் கண்டு வெலகுற நாயை நல்ல நாய்னு நான் எப்படிச் சொல்றது சிஸ்டர்? நாளைக்கு மத்தியானம்வரை பாக்கிறேன். குடிக்கலேன்னா ஊசி போட்டுத்தான் ஆகணும்."

உள்ளே கட்டிலில் கிடந்த பிள்ளைக்கு அது கேட்டுவிட்டது. போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டது.

யார் கையில் கொடுத்தால் அந்த நாய் குடிக்கும் என்று அக்காவுக்குத் தெரியும். எனக்கும் அதற்குள் விஷயம் பாதி விளங்கிவிட்டது. "வாக்குப் பெருசா, பிள்ளை கால் பெருசா?" என்று கேட்டேன்.

"ரெண்டும் என் தலையிலதான் கெடக்கு பீவி. நீ வேற ஏத்தாத" என்று எரிந்து விழுந்தார். பிறகு என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். "காலையில வெள்ளனே கவுஞ்சிக்கு லோடுக்குப் போவீங்கல்ல? சின்னக்கருப்பன் வயல்ல இருப்பாரு. நாய் தண்ணி குடிக்கலன்னு மட்டும் சொல்லுங்க. வாங்கன்னு சொல்லாதீங்க."

மறுநாள் உச்சிவேளை நெருங்கியது. நாய் படுத்த இடத்தைவிட்டு எழவில்லை. டாக்டர் வந்துவிட்டார். வராந்தாவில் ஸ்டவ்வில் ஊசி கொதித்துக்கொண்டிருந்தது. லாரிச் சத்தம் கேட்டு ஓடிப்போய்ப் பார்த்தால், முன்சீட்டிலிருந்து இறங்கியது திருமலைச்சாமி. கையில் பிள்ளைக்கென்று நாட்டுக்கோழியும் முட்டைக் கூடையும். போதாத காலத்துக்கு அவரும் பார்க்க வந்துவிட்டார். நான் தடுக்கப் பார்ப்பதற்குள் கொல்லைப்பக்கம் வந்து, நாயைப் பார்த்து, அப்படியே நின்றார்.

"இது ஏது நர்ஸம்மா?"

"என்கிட்ட கேக்காதீங்கய்யா."

"யார்ட்ட கேக்கச் சொல்றீங்க? அம்மன் வாசல்ல கற்பூரம் அணச்சிருக்கான். என் கண் முன்னால அணச்சிருக்கான்."

அவர் குரல் தெருவரை கேட்டது. வேலிப்படலுக்கு வெளியே சின்னக்கருப்பன் நின்றிருந்தார். ஊர் தாண்டி ஒரு வளைவில் லாரி மெதுவானபோது பின்னால் தொற்றி, மூட்டைமேல் ஏறி வந்திருக்கிறார். முன்னால் உட்கார்ந்திருந்தவர் கவனிக்கவில்லை. எங்களுக்கு அவர் தெரிந்தார், பெரியதனக்காரருக்குத் தெரியவில்லை. அப்படியே திரும்பி நடந்திருந்தால் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க முடியாது. அக்கா அவரைப் பார்த்தார். கூப்பிடவில்லை. கூப்பிட்டுத் தொலையேன் என்று எனக்கு வாய்வரை வந்தது.

டாக்டர் ஊசியில் மருந்தை ஏற்றினார்.

சின்னக்கருப்பன் படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். நாய் துள்ளி எழுந்து, கயிறு இழுபட, முனகிக்கொண்டு அவர்மேல் தாவியது. அவர் பெரியதனக்காரர் பக்கம் பார்க்கவே இல்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சட்டித் தண்ணீரை உள்ளங்கையில் அள்ளி நீட்டினார். நாய் நக்கிக் குடித்தது. திரும்ப அள்ளினார், திரும்பக் குடித்தது. சட்டி காலியானதும் மறுசட்டி கொண்டுபோய் வைத்தது நான்தான். கால் பட்டதா வாய் பட்டதா என்றெல்லாம் அப்போது யார் பார்த்தது? அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்விட்டுச் சொன்னேன், அழுதேன்.

"அம்மன் எனக்கு என்ன செய்யணுமோ செய்யட்டும்ங்க. பிள்ளை காலை விட்டுறட்டும்" என்றார் சின்னக்கருப்பன், நாயின் முதுகைத் தடவியபடி. திருமலைச்சாமி கோழியை என் கையில் கொடுத்துவிட்டுப் போய் லாரியில் உட்கார்ந்துகொண்டார்.

டாக்டர் ஊசியைக் கீழே வைத்தார். பத்து நாள் முடியும்வரை சின்னக்கருப்பன் எங்கள் மண்டியிலேயே தங்கி நாய்க்குச் சோறு வைத்தார். அதற்கு ஒரு குறையும் வரவில்லை. ஹெலனின் காலில் உணர்ச்சி மெல்ல மெல்லத் திரும்பியது. முதலில் விரல், பிறகு பாதம். பொங்கலுக்குக் கம்பை ஊன்றி நடந்தது.

ஆனால் கவுஞ்சியில் ஊர் கூடிவிட்டது. பொய்ச் சத்தியம் செய்தவன் பழனிக்கு நடந்துபோய் முடி இறக்கினால்தான் கோயிலில் சேர்த்துக்கொள்வோம் என்று தீர்ப்பு. சின்னக்கருப்பன் ஒப்புக்கொண்டார். செய்தி கேட்ட அன்றே அக்கா லீவு சொல்லிவிட்டு, நானும் முடி இறக்குகிறேன் என்று கூடப் புறப்பட்டார். எனக்குத் தாங்கவில்லை. இடுப்புவரை தொங்குகிற முடி அவருக்கு.

"தப்புப் பண்ணினது அவருதானே அக்கா. நீங்க எதுக்கு?"

"அவரு பண்ணினது ஒரு பொய். அதை நம்பி ஒரு வாரம் அந்தப் பிள்ளைக்கு ஊசி ஏத்தினது நான். எனக்கு எந்த ஊரு தீர்ப்புச் சொல்லும்?"

மொட்டைத்தலையோடு, சந்தனம் காயாமல் அக்கா திரும்பி வந்தபோது ஹெலன் எங்கள் வாசலில் நின்றிருந்தது. ஓடிவர முடியாமல் கம்பை ஊன்றி வந்து, அந்தத் தலையில் கை வைத்துத் தேம்பித் தேம்பி அழுதது. அக்கா அதன் கையை எடுத்துவிட்டார். கம்பையும் வாங்கிக்கொண்டார்.

"இது வளந்துரும். நீ நட, நான் பாக்கணும்."

பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டு கம்பில்லாமல் நடந்தது. தெருமுனைவரை போய்த் திரும்பி வரும்வரை அக்கா அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.