சீதனக் கட்டிலின் சத்தம்

கட்டில் சத்தம் போடுகிறது என்று சொல்வதற்கு ஒரு ஆள் மாதக்கணக்கில் பயந்து திரிவானா என்று என் பிள்ளைகள் கேட்டுச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். சீதன வீட்டில் மாப்பிள்ளையாக ஒரு மாதம் இருந்து பார்த்துவிட்டு வந்து சிரித்தால் நானும் சேர்ந்து சிரிப்பேன்.

தொண்ணூறாம் ஆண்டில் எனக்குக் கலியாணம் நடந்தது. நான் தென்மராட்சிக்காரன், மனைவியின் வீடு மானிப்பாயில். எங்கள் வழக்கப்படி தாலி கட்டிய கையோடு ஒரு சூட்கேசைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். வீடு அவள் பெயருக்கு எழுதப்பட்டிருந்தாலும் மாமாவும் மாமியும் அதில்தான் இருந்தார்கள். கூட்டுறவுச் சங்கக்கடையில் நான் மனேஜர். கடையில் பத்துப் பேரை அதட்டி வரிசையில் நிற்க வைப்பேன். மாமா வீட்டுப் படியில் கால் வைத்ததும் என் குரல் பூனைக்குட்டியின் குரலாகிவிடும்.

சீதனத்தோடு வந்ததுதான் அந்தக் கட்டில். வீட்டு வளவில் நின்ற பலாவைத் தறித்து, மாமா பக்கத்திலேயே நின்று செய்வித்தது. வந்தவர் போனவரை எல்லாம் எங்கள் அறைக்குள் கூட்டிவந்து, "ஒரு துண்டுப் பலகை வெளியிலை வாங்கேல்லை" என்று தட்டிக் காட்டுவார். உண்மையில் அந்த மரத்தை ஒரு வருசமாவது காய விட்டிருக்க வேண்டும். நாட்டு நிலைமை சரியில்லை என்று கலியாணத்தை முற்படுத்தியதில் பச்சை மரமே கட்டிலாகிவிட்டது. நாங்கள் மேலே படுத்திருக்க அது கீழே மெல்ல மெல்லக் காய்ந்தது. காயக் காயச் சத்தம் வந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் வடக்குக் கரைப் பக்கம் சண்டை மூண்டு, மயிலிட்டிப் பக்கத்திலிருந்து மாமியின் அக்கா குடும்பம் கையில் கிடைத்த சாமான்களோடு வந்து சேர்ந்தது. அவரைப் பெரியம்மா என்போம். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள். எங்கள் வளையின் வாசலில், ஹோல் முழுக்க, ஆட்கள் பாய் விரித்துப் படுத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி? வீட்டை விட்டு வந்தவர்கள் அவர்கள். ஆனால் நான் புரண்டு படுத்தால் கட்டில் கத்தும். கட்டில் கத்தினால் ஹோலில் யாராவது ஒருவர் இருமுவார். புதுசாகக் கலியாணம் செய்தவர்கள் நாங்கள், இதற்கு மேல் நான் விளக்கத் தேவையில்லை. தலையணையைத் திருப்பிப் போடுவதற்கும் யோசிக்க வேண்டியிருந்தது. நித்திரை இல்லாமல் கடைக்குப் போய், மண்ணெண்ணெய்க்கு வந்த சனத்தின் மேல் எரிந்து விழுந்தேன்.

"மாமாட்டைச் சொல்லி ஓடாவியாரைக் கூப்பிடுவம்" என்று ஒருநாள் மனைவியிடம் சொன்னேன். மரவேலைக்காரரைக் கூப்பிடுவதில் என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன். அவள் முகம் வெளிறிவிட்டது.

"ஐயோ, அப்பாட்டை மட்டும் சொல்லிப் போடாதேங்கோ. சீதனத்திலை குறை சொல்லுறியள் எண்டு மனிசன் உடைஞ்சு போயிடும்."

அவள் சொன்னது சரிதான். எங்கள் ஊரில் ஒருவர் சீதனக் கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் சவர் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். 'புதுக் கிணறு கேட்ட மாப்பிள்ளை' என்ற பெயர் அவருக்குப் பேரப்பிள்ளை பிறந்த பிறகும் போகவில்லை. திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல் நான் வாயை மூடிக்கொண்டேன்.

சரி, நானே பார்ப்போம் என்று இறங்கினேன். மத்தியானம் சாப்பிட வரும்போது, ஹோலில் இருப்பவர்கள் சமைக்கக் குசினிப் பக்கமும் குளிக்கக் கிணற்றடியுமாய் இருக்கும் நேரத்தில், அறைக் கதவைச் சாத்துவோம். மெத்தையைச் சுருட்டிவிட்டு அவள் பலகைகளின் மேல் படுத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரளுவாள். நான் கீழே மல்லாந்து கிடந்து காது கொடுப்பேன். "இப்ப?" என்பாள். "இல்லை." "இப்ப?" "பொறு, இன்னொருக்காப் புரள்." தலைமாட்டில் கேட்ட சத்தம், தலைமாட்டுக்குக் காதைக் கொண்டுபோனால் கால்மாட்டுக்குப் போய்விடும். ஒரு பலகையை அமத்திப் பிடித்தால் அடுத்த பலகை தொடங்கும். சாத்திய கதவுக்குள் பட்டப்பகலில் இப்படி ஒரு சத்தம் கேட்டால் வெளியே இருப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. பெரியம்மா என்னைக் கண்டால் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு போவார்.

குறுக்குப் பலகைகள் சட்டத்தில் உராய்கிற இடத்தில் சவர்க்காரம் பூசினால் போதும் என்று அவளுக்கு ஒரு யோசனை. எங்கே சவர்க்காரம்? பொருளாதாரத் தடை. பனம்பழம் போட்டு உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்த காலம். வீட்டில் இருந்த அரைக் கட்டியை மாமி அலுமாரிக்குள் பூட்டி வைத்திருந்தார். மெழுகுதிரியும் இல்லை. நான் தேங்காயெண்ணெய் பூசினேன். இரண்டு நாள் கட்டில் வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள் எறும்பு வந்தது. எறும்பு கடித்து நான் துள்ளியெழும்பிய சத்தத்துக்கு ஹோலில் இரண்டு பேர் சேர்ந்து இருமினார்கள்.

கடைசியில் பழைய சைக்கிள் ரியூப்பைத் துண்டு துண்டாக வெட்டி ஒவ்வொரு பலகைக்கும் கீழே கொடுத்தேன். பலகைகள் அடங்கின. அவை அடங்கிய பிறகுதான் உண்மையான கள்ளன் பிடிபட்டான். தலைமாட்டு இடது காலில், நெடுஞ்சட்டத்தின் முனை துளைக்குள் இறங்குகிற பொருத்து. மரம் சுருங்கி அங்கே ஆணி நுனி போகிற அளவுக்கு இடைவெளி விட்டிருந்தது. ஒரு ஆப்பு இறுக்கினால் அந்தச் சத்தம் தீர்ந்தது. பனங்கட்டை ஒன்றில் ஆப்புச் சீவி வைத்துக்கொண்டேன். ஆனால் ஆப்புக்குச் சுத்தியலால் அடிக்க வேண்டும். புதுமாப்பிள்ளையின் அறைக்குள் சுத்தியல் சத்தம் கேட்டால் வீடு சும்மா இருக்குமா?

உடுப்புக் கொழுவச் சுவரில் ஒரு ஆணி அடிக்கப் போகிறேன் என்று சொல்லிச் சுத்தியலைக் கேட்டேன். என் கெட்டித்தனம் அவ்வளவுதான். மாமா சுத்தியலோடு தானே வந்துவிட்டார்.

"நீங்கள் இருங்கோ தம்பி. உங்களை வேலை செய்ய விட்டிட்டு நான் பாத்துக்கொண்டு நிக்கிறதோ?"

மூன்று அடியில் ஆணியை இறக்கிவிட்டு, என் சட்டையையும் தானே எடுத்துக் கொழுவிப் பார்த்துவிட்டுப் போனார். அந்த மரியாதை எனக்குக் கழுத்தை நெரித்தது. ஒரு வீட்டில் தண்ணீர் அள்ளவும் விடாமல், ஆணி அடிக்கவும் விடாமல், வெள்ளித் தட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்தால், அது உன்னுடைய வீடு அல்ல என்றுதான் அர்த்தம். எனக்கு அப்படித்தான் பட்டது.

பிறகு நிலத்தில் பாய் போட்டுப் படுத்தோம். நல்ல நித்திரை. விடியக் கூட்ட வந்த மாமி பாயைக் கண்டார். அன்று முழுக்க அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்று மனைவி சொன்னாள். மாப்பிள்ளைக்குக் கட்டிலில் பிரியம் இல்லை, அப்படியென்றால் மகளிலும் பிரியம் இல்லை என்பது மாமியின் கணக்கு. பாய் சுருட்டப்பட்டது. நாங்கள் மீண்டும் கட்டிலில் ஏறினோம்.

எனக்குப் பொறுமை என்பது பிறப்பிலேயே கிடையாது. ஒருநாள் கடையால் திரும்பி வந்த சூட்டோடு, "எனக்கு உந்த வீட்டிலை இருக்கேலாது. நான் அம்மாட்டைப் போறன்" என்று சொல்லிவிட்டேன்.

அவள் அழவில்லை. "என்னையும் கூட்டிக்கொண்டு போறியளோ, விட்டிட்டுப் போறியளோ? அதை மட்டும் சொல்லுங்கோ" என்றாள்.

நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டேன். அவளை விட்டுப் போகிற எண்ணம் எனக்கு இருந்ததில்லை, ஆனால் கோபத்தில் வாய் வரவில்லை. அன்றிலிருந்து நான் சைக்கிளை எடுக்கும்போதெல்லாம் அவள் வாசல் படலை வரை வந்து நின்று பார்த்தாள். ஒரு ஆப்பு இறுக்க வழியில்லாமல் கலியாணமே ஆடிக்கொண்டிருந்தது.

வழி ஆகாயத்தால் வந்தது. குண்டு போட வரும் பொம்மர் விமானத்தின் இரைச்சல் கேட்டால் வீட்டில் இருக்கிற எல்லாரும் மாமரத்தின் கீழ் வெட்டியிருந்த பங்கருக்குள் ஓடுவோம். அந்தக் கொஞ்ச நேரம்தான் வீடு வெறுமையாய் இருக்கும். அந்த இரைச்சலில் சுத்தியல் அடித்தாலும் யாருக்கும் கேட்காது. இந்த யோசனை வந்தபோது எனக்குச் சந்தோசமாக இருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? நித்திரை கெட்டவனுக்குப் புத்தியும் கெட்டுவிடும். ஆணி அடித்த சுத்தியலை மாமா எங்கள் அறை மூலையிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார்.

முதல் முறை ஆப்பைப் பொருத்தில் வைப்பதற்குள் பொம்மர் போய்விட்டது. "தம்பி ஏன் பங்கருக்கு வரேல்லை?" என்று மாமி கேட்க, கக்கூசில் நின்றதாகச் சொன்னேன். அடுத்த முறை, ஒரு மத்தியானம், எல்லாரும் ஓட நான் அறைக்குள் நழுவினேன். கட்டிலுக்குக் கீழே புகுந்து ஆப்பை வைத்து அடித்தேன். அது இறங்கியது. இன்னும் ஒரு அடி, இன்னும் ஒரு அடி. பொம்மர் குத்திக்கொண்டு இறங்குகிற சத்தம் கேட்டது. அதோடு வாசலில் காலடி.

அவள்தான். பங்கருக்குள் என்னைத் தேடியிருக்கிறாள். காணவில்லை என்றதும் தாய் சேலையைப் பிடித்து இழுக்க இழுக்க உதறிவிட்டு வெளியே ஏறி, முற்றம் முழுக்க ஓடி வந்திருக்கிறாள். என் காலைக் கண்டவள் கட்டிலுக்குக் கீழே பாய்ந்து என் மேல் விழுந்தாள். அப்போதுதான் குண்டு வெடித்தது. வீடு தூக்கிப்போட்டது. ஓடுகள் சரிந்து கொட்டின. என் வாய்க்குள் சுண்ணாம்பும் அவளுடைய தலைமயிரும்.

விழுந்தது பின் ஒழுங்கையில் ஒரு வெறுங்காணிக்குள் என்று பிறகு அறிந்தோம். அந்த நேரம் எங்களுக்கு எதுவும் தெரியாது. அவள் என் நெஞ்சில் இரண்டு கையாலும் குத்தினாள்.

"விசரே உங்களுக்கு? விட்டிட்டுப் போறதெண்டால் அம்மாட்டைப் போங்கோ! இப்பிடியோ போறது?"

நான் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

மாமா வந்து குனிந்து பார்த்தார். கட்டிலுக்குக் கீழே நாங்கள் இரண்டு பேர், பக்கத்தில் அவருடைய சுத்தியல், பொருத்துக்குள் பாதி இறங்கிய ஆப்பு. ஒரு பார்வையில் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நான் வெளியே வந்து நின்றேன். அவர் முகத்தில் இரத்தமே இல்லை. கிணற்றடிக்கும் குசினிக்கும் நடுவில், மகள் ஓடி வந்த வழியில், ஒரு கை நீளக் குண்டுத் தகடு மண்ணில் குத்திக்கொண்டு நின்றதை அவர் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். அதை நான் பிறகுதான் கண்டேன்.

"முதல் மாசத்திலையிருந்து எனக்கும் கேக்குது" என்றார். "பச்சை மரம் எண்டும் தெரியும். பிள்ளையளின்ரை அறைக்குள்ளை வந்து நானாய் என்னெண்டு கேக்கிறது? நீங்கள் ஒரு சொல் சொல்லியிருக்கலாமே."

"மாமா, சீதனத்திலை குறை சொல்லுறன் எண்டு…"

"சொல்லன்! குறை எண்டால் சொல்லன்!" அவர் என்னிடம் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. "கட்டில் பிழைச்சால் வேறை கட்டில் செய்விக்கலாம். இவளை நான் எங்கையடா செய்விக்கிறது?"

அந்தக் கட்டிலிலேயே குந்திவிட்டார். அது கீச்சென்றது. யாரும் சிரிக்கவில்லை.

மிச்ச ஆப்பை அன்று பின்னேரம் எல்லோரும் பார்க்க அடித்தோம். மாமா மறுபக்கம் சட்டத்தைத் தாங்கிப் பிடித்தார், "ஓங்கி அடி, என்ன பயம்" என்று என்னை ஏசிக்கொண்டே. ஹோலில் இருந்த அத்தனை பேரும் அறைக்குள் வந்து கட்டிலில் ஆளுக்கொரு மூலையில் குந்தி எழும்பிக் காது கொடுத்தார்கள். இன்னும் இரண்டு இடத்தில் சத்தம் கண்டுபிடித்தவர் பெரியம்மாதான். எல்லாம் முடிந்ததும், "அப்பாடா, இனி நாங்கள் இருமத் தேவையில்லை" என்றார். மனைவி முகத்தை மூடிக்கொண்டு குசினிக்குள் ஓடிவிட்டாள். அவள் சிரித்த சத்தம் அங்கிருந்து கேட்டது. எனக்கு நிலம் பிளந்து உள்ளே போகலாம் போலிருந்தது, ஆனாலும் அன்றுதான் அந்த வீட்டில் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

பொம்மர் பிறகும் வந்துகொண்டுதான் இருந்தது. ஒவ்வொரு முறையும் மாமா பங்கர் வாசலில் நின்றுகொண்டு என்னைத்தான் முதலில் கூப்பிடுவார். மகள் பக்கத்திலேயே நின்றாலும் அவளை விட்டுவிட்டு என் தோளில் பிடித்து உள்ளே தள்ளுவார். நான் இறங்கிய பிறகுதான் மற்றவர்கள்.

"மருமோனிலை உவருக்கு எவ்வளவு பட்சம் பார்" என்று பெரியம்மா ஒருநாள் மாமியிடம் சொன்னார்.

அப்படி நினைக்க எனக்கும் ஆசைதான். ஆனால் மாமாவுக்குத் தெரிந்தது எனக்கும் தெரியும். நான் உள்ளே இருந்தால்தான் அவள் உள்ளே இருப்பாள்.