குளிரறைக்குப் போன ஆப்ரிகாட்

தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் எனக்கு வேலை. வெளிநாட்டிலிருந்து வரும் பழமும் காய்கறியும் அங்கே வந்து இறங்கும். தடித்த ஜாக்கெட், கம்பளித் தொப்பி, கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு உள்ளே போவேன். வெளியே வந்தால் மூக்குக் கண்ணாடியில் ஆவி படியும். துடைத்துக்கொண்டு மறுபடியும் போவேன். பல வருஷமாக இதே வேலை. வீட்டில் இதைப் பற்றி ஒன்றும் பேசியதில்லை. பேச என்ன இருக்கிறது.

என் மனைவி கையுறைத் தொழிற்சாலையில் இருந்தாள். முட்டி போய்விட்டது. நின்றுகொண்டு செய்கிற வேலை, முடியாமல் நிறுத்திவிட்டாள். அதற்குப் பிறகு அவளுக்குச் செடிதான். கிள்ளானில் எங்களுடையது வரிசை வீடு. முன்னால் ஒரு கார் நிற்கும் இடம் மட்டும் உண்டு. காரை ரோட்டில் நிறுத்தச் சொல்லிவிட்டுத் தொட்டிகளை உள்ளே வைத்துக்கொண்டாள். மல்லிகை, கறிவேப்பிலை, பாண்டான், கற்பூரவள்ளி. எதை வைத்தாலும் வந்தது.

ஆப்ரிகாட் கன்றை ஒரு செடிக்கடையில் பார்த்தாள். நானும் கூட இருந்தேன். கன்றின் கழுத்தில் ஓர் அட்டை தொங்கியது. அதில் ஆரஞ்சு நிறத்தில் பழம், ஒரு பக்கம் மட்டும் சிவப்பு.

"இது நம்ம ஊருல வருமா பாஸ்?" என்று கேட்டாள்.

"அக்கா, இது மைனஸ் முப்பதுலயே சாகாத மரம். ஐஸ்ல நிக்கும். கிள்ளான்ல செத்துருமா?" என்றார் கடைக்காரர்.

எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. அவ்வளவு குளிரைத் தாங்குகிற மரம் இந்த வெயிலைத் தாங்காதா? தூக்கிக் காரில் வைத்தோம்.

முதலில் நன்றாகத்தான் வளர்ந்தது. காம்பு சிவப்பாக, இலை அகலமாக, பார்க்க அழகு. பூக்கவில்லை. மரம் சின்னது, பொறுப்போம் என்றாள். வருஷம் போனது. இலை கிளை நுனியில் மட்டும் நின்றது. நடுவெல்லாம் மொட்டை. சில குச்சிகள் காய்ந்து ஒடிந்தன. உரம் மாற்றினாள். தொட்டி மாற்றினாள். ஒன்றும் ஆகவில்லை.

ஐஸ் ஊர் மரம்தானே என்று மத்தியானம் மத்தியானம் அடியில் ஐஸ் கட்டி போட ஆரம்பித்தாள். வேலை விட்டு வந்து நான் குளிர்ந்த தண்ணீர் கேட்டால், "மரத்துக்கு வச்சிருக்கேன், தொடாதீங்க" என்பாள். நான் குழாய்த் தண்ணீர் குடித்தேன்.

எங்கள் மகள் பிரிக்பீல்ட்ஸில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறாள். லீவு நாளில் ரயில் ஏறி வருவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளிடம் அந்த அட்டையைக் கொடுத்து வாசிக்கச் சொன்னாள் மனைவி. அட்டையை வாசித்துவிட்டு மகள் போனிலும் தேடினாள். சாப்பாட்டு மேசையில் இருந்தோம்.

"நல்ல ஜாதிம்மா. கடும் குளிர்லயும் மொட்டு கருகாது. லேட்டா பூக்குமாம், அதனால பனியில பூ கெடாது. ஒத்த மரமே காய்க்கும், ஜோடி வேணாம். கொட்டை ஈசியா கழண்டு வந்துருமாம்."

"அப்புறம் ஏன் பூக்கல?"

"இதுக்கு ஐஸ் கட்டி பத்தாதும்மா. விண்டர் வேணும். இலையெல்லாம் உதிர்த்துட்டு ஒரு மாசத்துக்கு மேல குளிர்ல தூங்கணும். அப்பதான் மொட்டு தொறக்கும். நம்ம ஊருல அது தூங்கவே இல்ல. அப்படியே களைச்சுப் போயி..."

"போயி?"

"செத்துரும். மெதுவா."

மனைவி அட்டையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டாள். அந்த முகத்தைத் தொழிற்சாலையை விட்டு வந்த அன்றைக்குப் பார்த்தேன். அதற்குப் பிறகு இப்போதுதான்.

"எங்க கிடங்குல நாலு டிகிரி," என்றேன்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"இத்தன வருஷமா அங்கதான் இருக்கீங்க. சொல்லவே இல்ல?" என்றாள் மனைவி.

"நீ கேக்கல."

கிடங்கு முதலாளி தவுக்கேயிடம் மரத்தை உள்ளே வைக்கலாமா என்று கேட்டேன். சீனர், என்னோடு மலாயில்தான் பேசுவார்.

"மரமா? விக்கப் போறியா?"

"இல்ல தவுக்கே. தூங்க வைக்க."

சிரித்தார். அப்புறம் யோசித்தார். "ஆப்பிள் ரூம்ல வைக்காத லா. ஆப்பிள் விடுற காத்துல பக்கத்துல வச்ச பூ வாடிரும், பாத்திருக்கல்ல? உன் மரத்து மொட்டும் போயிரும். கேரட் ரூம்ல வை. செத்தா என்ன கேக்காத."

மரத்தைக் கொண்டுபோகுமுன் இலையை எடுக்க வேண்டும். இங்கே தானாக உதிராது. மனைவி பக்கத்தில் வந்து நின்றாள்.

"பச்சையா இருக்குற இலைய எப்படிங்க பிக்கிறது? நுனியில மிச்சம் இருக்குறதே அவ்ளோதான்."

"அப்ப வேணாமா?"

"நீங்களே பிச்சிருங்க. நான் உள்ள போறேன்." வாசல் வரைக்கும் போய்த் திரும்பினாள். "மரத்தக் கொன்னுட்டீங்கன்னா நான் பேச மாட்டேன்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நான் பிய்த்தேன். கடைசியில் தொட்டியில் நின்றது ஒரு குச்சி.

கிடங்கு லோரியில் கொண்டுபோனேன். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் தம்பிக்கு நல்ல பொழுதுபோக்கு கிடைத்தது.

"அண்ணே, புது ஆளுக்கு ஜாக்கெட் எங்க?"

"ஓட்டு."

"ஓவர்டைம் உண்டா அதுக்கு?"

"உன்ன விட நல்லா வேல செய்யுது. பேசாம நிக்குது."

கேரட் பெட்டிகளுக்குப் பின்னால் மூலையில் வைத்தேன். மண் காயாமல் இருக்கக் கொஞ்சம் தண்ணீர். அவ்வளவுதான்.

வீட்டுக்குப் போனால் அதே கேள்வி.

"எப்படி இருக்கு?"

"இருக்கு."

"இருக்குன்னா?"

"குச்சியா இருக்கு."

போட்டோ எடுத்து வரச் சொன்னாள். எடுத்தேன். போன வாரத்துப் போட்டோவும் இந்த வாரத்துப் போட்டோவும் ஒரே மாதிரி. அவள் மட்டும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். எனக்கும் உள்ளுக்குள் பயம் இருந்தது. கையுறையைக் கழற்றி நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பார்த்தேன். உள்ளே பச்சை, உயிர் இருக்கிறது. வீட்டில் சொன்னேன். அன்றைக்குக் கோழிக் குழம்பு வைத்தாள்.

ஒன்றரை மாதம் போல ஆனதும் திரும்பக் கொண்டுவந்தேன். முதலில் நிழலில் வைத்தோம். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சத்துக்கு. ஒன்றும் நடக்கவில்லை. மனைவி அதிகம் பேசவில்லை. தட்டில் சோறு வைப்பாள், போய்விடுவாள். நானும் கேட்கவில்லை. வேலைக்குப் போனேன், வந்தேன்.

ஒரு காலை நான் சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது வெளியே இருந்து கூப்பிட்டாள். "ஏங்க. இங்க வாங்களேன்."

மொட்டையாக இருந்த கிளையில், நடுவில், செம்புள்ளிகள். மிளகு அளவு. அவள் விரலால் காட்டினாள், தொடவில்லை. இரண்டு மூன்று நாளில் அவை திறந்தன. வெள்ளைப் பூ, ஓரத்தில் இளஞ்சிவப்பு. இலையே இல்லாமல் குச்சியில் பூ மட்டும்.

பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, பிளாஸ்டிக் பூவா என்று கேட்டார். "தொட்டுப் பாரு," என்றாள் மனைவி. அவர் கை நீட்டியதும், "மெதுவா, மெதுவா," என்றாள்.

மகரந்தம் ஒட்டிக் காய் பிடிக்கட்டும் என்று காது குடையும் பஞ்சுக் குச்சியால் ஒவ்வொரு பூவையும் தடவிவிட்டாள். சில பிஞ்சு பிடித்தன. பச்சையாக, மேலே பூனை முடி. பிறகு அடித்த வெயிலில் ஒன்றொன்றாக விழுந்துவிட்டன. அழுவாளோ என்று பார்த்தேன். கூட்டி அள்ளி மல்லிகைத் தொட்டியில் போட்டாள்.

"வருத்தமா இருக்கா?" என்றேன்.

"பழத்தக் கடையில வாங்கிக்கலாம். இங்க பாருங்க."

கிளை முழுக்க இலை. அடியிலிருந்து நுனி வரைக்கும். மொட்டையாக இருந்த நடுவெல்லாம் மூடிவிட்டது. அடியில் ஒரு புதுக் கிளையும் கிளம்பியிருந்தது.

"பொழச்சிருச்சு," என்றாள்.

தவுக்கேயிடம் போட்டோவைக் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு பார்த்தார். அடுத்த வருஷமும் கொண்டு வா, ஆனால் சீனப் பெருநாளுக்கு மேண்டரின் ஆரஞ்சு வந்து நிறைந்துவிட்டால் எலி நுழையக்கூட இடம் இருக்காது, அதற்கு முன்னால் வந்துவிடு என்றார்.

வீட்டில் வந்து சொன்னேன். மனைவி மரத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"ஆரஞ்சு எப்ப வரும்?"

"இன்னும் நாள் இருக்கு."

"அப்ப சரி. அது வரைக்கும் நல்லா சாப்பிடட்டும்," என்று இன்னொரு குவளை ஊற்றினாள்.