காத்தோங்கில் பார்த்த சிவப்புக் கார்

ஜப்பான்காரர்கள் ஆண்ட காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல், நல்ல கார்களெல்லாம் அடிமாட்டு விலைக்கு வந்தன. சிராங்கூன் ரோட்டில் மெக்கானிக்காக இருந்த நான், பல வருடம் ஏங்கிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று காத்தோங்கில் அரிசிக்குக் கிடைக்கிறது என்றதும், சேர்த்து வைத்திருந்த மூட்டையோடு ஓடினேன்.

விற்றவர் ஒரு யாழ்ப்பாணத்து அம்மா. அவர் கணவரை ஜப்பான் ராணுவம் பிடித்துக்கொண்டு போயிருந்தது.

"கொண்டு போக முன்னம் ஒருக்கா ஸ்டார்ட் பண்ணுங்கோ தம்பி."

மிச்சமிருந்த பெட்ரோலில் எஞ்சின் உறுமியது. நான் ஆசைப்பட்ட அதே சத்தம். அந்த அம்மா சட்டென்று ஓடிப்போய் கேட்டைத் திறந்தார். பிறகு வெறும் தெருவைப் பார்த்தபடி நின்றுவிட்டார்.

"இந்தச் சத்தம் கேட்டா அவர் வந்திட்டார் எண்டு அர்த்தம்."

எஞ்சினை அணைத்தேன். "அவரே வந்து ஓட்டட்டும்மா" என்று அரிசியை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பினேன்.

சண்டை முடிந்தபின் எத்தனையோ கார்கள் வாங்கினேன். அந்தக் காரின் மீதிருந்த ஏக்கம் தீரவில்லை. ஆனால் அவர் வந்தாரா என்று போய்க் கேட்க இன்றுவரை தைரியம் வரவில்லை.