குருநாதன் வரையாத குதிரை

சர்வேயர் அழகேசனை ஜெயங்கொண்டம் தாலுகாவில் யாருக்கும் அவ்வளவாகப் பிடிக்காது. பட்டாவில் ஓர் எழுத்து பிசகியிருந்தாலும் திருத்தாமல் கையெழுத்துப் போடமாட்டார். வீட்டில் இரண்டு பீரோ நிறையப் பழைய தமிழ் காமிக்ஸ் வைத்திருந்தார். அவற்றையும் அதே கண்ணோடுதான் படிப்பார்.

காமிக்ஸுக்குத் தரச்சான்று கொடுக்க இப்போது ஒரு கம்பெனி வந்துவிட்டது. புத்தகத்தை அனுப்பினால் மதிப்பெண் போட்டு, பிளாஸ்டிக் உறைக்குள் நிரந்தரமாக அடைத்து, எழுதியவர் வரைந்தவர் பெயரை மேலே ஒட்டித் தருவார்கள். பிறகு யாரும் அதைப் புரட்ட முடியாது. புரட்டும் பழக்கம் இல்லாதவர்களுக்குத்தான் அது பெருமை.

திருச்சிக் கண்காட்சி ஒன்றில் அப்படி அடைபட்ட ‘கொள்ளிடத்துக் குதிரை’யை அழகேசன் பார்த்தார். 1978இல் வந்த புத்தகம். லேபிளில் ‘ஓவியர்: குருநாதன்’ என்றிருந்தது. குருநாதன் பதிப்பாளரின் மச்சான். அச்சகத்தில் டீ குடித்ததைத் தவிர அவர் செய்த வேலை எதுவும் யாருக்கும் தெரியாது.

வரைந்தவர் திருமானூர் கலியம்மாள். அடுத்த இதழின் வாசகர் கடிதப் பக்கத்தில் பதிப்பாளரே வாய்தவறி ஒத்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்தைப் படம் பிடித்துக் கம்பெனிக்கு அனுப்பினார் அழகேசன். எங்கள் தரச்சான்று இல்லாத பிரதியை ஆதாரமாக ஏற்க இயலாது என்று பதில் வந்தது. சான்று வாங்கினால் அந்தப் பக்கமே உறைக்குள் போய்விடும். நிபுணர்களுக்கு அது தோன்றவில்லை.

அழகேசன் திருமானூருக்குப் பஸ் ஏறினார். கலியம்மாளுக்கு அறுபத்தாறு வயது. கரும்புக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வந்தவர், விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார்.

“குருநாதனா? அந்த ஆளுக்கு ஆட்டுக்குட்டியே வரைய வராதே சார்!”

“அப்ப ஒங்க பேர ஏங்க போடல?”

“பொம்பள பேரு போட்டா புக்கு போவாதுன்னுட்டாரு. நான் பத்தொம்போது வயசுப் புள்ள. என்னத்தப் பேசுறது?”

“இப்ப ஒரு குதிரை வரைவீங்களா?” என்று பேனாவை நீட்டினார் அழகேசன்.

காலண்டர் தாளின் பின்பக்கத்தில், குளம்பில் தொடங்கி மேலே போனார் கலியம்மாள். நாலே நிமிடம். பழைய அட்டையில் இருந்த அதே குளம்பு, அதே முரட்டுப் பிடரி. முழுவதையும் வீடியோ எடுத்துச் சேகரிப்பாளர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார் அழகேசன்.

மூன்று மாதம் மசியாத நிபுணர்களுக்கு இரண்டே நாளில் ஞானம் வந்தது. புது லேபிள் அடித்தார்கள்: ‘ஓவியர்: கலியமூர்த்தி.’

அழகேசன் கம்பெனிக்குப் போன் போட்டார்.

“ஏங்க, வீடியோல சேலை கட்டிக்கிட்டு ஒக்காந்திருக்கிறது மூர்த்தியா?”

“சிஸ்டத்துல அப்படித்தான் சார் காட்டுது...” என்று இழுத்தான் எதிர்முனையில் இருந்தவன். அதைத் திருத்த இன்னொரு மாதம் பிடித்தது.

சரியான லேபிளின் படம் வந்ததும், போனோடு மறுபடி திருமானூர் போனார். கலியம்மாள் தன் பெயரை விரலால் பெரிதாக்கி எழுத்தெழுத்தாகப் படித்தார். பிறகு அட்டைப் படத்துக்கு நகர்ந்து முகம் சுளித்தார்.

“கழுத்து ஒட்டகம் மாதிரி நீண்டு கெடக்கு. அய்யய்ய, இதுக்கா சார் எம்பேர போட வச்சீங்க?”

ஆனால் போனைத் திருப்பித் தரவில்லை. “கவிதா, இங்க வாடி” என்று உள்ளே இருந்த மருமகளைக் கூப்பிட்டார்.