வாயைக் கட்டினேன், கண்ணைக் கொடுத்தாள்

தாய்மாரே, எழுதப் படிக்கத் தெரியாதவள் நான். வாய் மட்டும் நிறைய உண்டு. அந்த வாயை வைத்தே அம்மன் எனக்குச் செய்த அற்புதத்தைக் கேளுங்கள்.

என் மகனுக்கு ஆவடி டாங்கி ஃபாக்டரியில் வேலை கிடைத்த மறு வருஷம், எனக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்தது. எங்கள் திருமுல்லைவாயில் அம்மன் கோயிலில் போய் நின்றால் அவள் முகம் வெறும் மஞ்சள் புகை. அழுதேன். ஆபரேஷன் செய்தால் பார்வை வரும் என்றார் பட்டணத்து டாக்டர். ஆனால் பிரஷர் இறங்காமல் கத்தி வைக்க மாட்டாராம்.

மருமகள் கையைப் பிடித்துக்கொண்டு மூன்று வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். மூன்று தடவையும் பிரஷர் கருவியில் பாதரசம் எகிறியது. உப்பை விட்டேன். கருவாட்டை விட்டேன். அதுவும் காட்டுப்பாக்கத்து அக்கா கொடுத்தனுப்பிய நெத்திலி! சரி, அது வேறு கதை. மாத்திரையை மட்டும் விடவில்லை. ஒன்றும் நடக்கவில்லை.

"அடுத்த வாரமும் இப்டியே இருந்தா ஆபரேஷன் லிஸ்ட்லேர்ந்து பேரை எடுத்துடுவாங்க ஆயா" என்று நர்சம்மா சொல்லிவிட்டாள்.

அன்று சாயந்திரமே அம்மன் முன்னால் விழுந்தேன். எதை நேர்ந்துகொள்வது? முடியோ பாதி கொட்டிவிட்டது. கோழியோ மருமகளுடையது.

"எனக்கு ரொம்பப் புடிச்சத தரேன் தாயே. இனிமே வெள்ளிக்கெயம வாயே தொறக்க மாட்டேன்" என்றேன்.

மருமகள் சிரித்தாள். "நீயாவது, வாய மூடிகினு கீறதாவது! அத்தப் பாக்க அம்மனே எறங்கி வரும் அத்தே!"

வழக்கமாக வழியெல்லாம் நின்று நின்று பேசி, ரயிலைத் தவறவிட்டு, அடுத்ததில் போய் இறங்கி, மருமகளை இழுத்துக்கொண்டு ஓடுவேன். கையில் பட்டை கட்டும்போதும் நர்சம்மாவின் மாமியார் வரை விசாரிப்பேன். இந்த வெள்ளிக்கிழமை பேச்சு இல்லை. முந்தின ரயிலே கிடைத்தது. பெஞ்சில் சாய்ந்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பட்டை இறுகியது. நாக்கு துடித்தது. கடித்துக்கொண்டேன். மனதுக்குள் 'தாயே, தாயே' என்றேன்.

நர்சம்மா பார்த்தாள். நம்பாமல் மறுபடியும் காற்றடித்துப் பார்த்தாள்.

"இன்னா ஆயா, நல்லா எறங்கிகீதே! ஊமையாயிட்டியா இன்னா?"

மருமகள் என் வேண்டுதலைச் சொன்னாள். நர்சம்மா நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"மூச்சு வாங்க ஓடியாந்து, ஓயாம பேசிகினே இருந்தா ஏறாம இன்னா செய்யும்? இத்தினி நாளா உன் பேச்சத்தான் அளந்துகினு இருந்தேன் போல!"

இருக்கட்டும். ஆனால் அந்த வேண்டுதலை என் நெஞ்சில் போட்டது யார்?

ஆபரேஷன் நடந்தது. தடித்த கண்ணாடி போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனேன். அவள் மூக்குத்தியின் சிவப்புக் கல்தான் முதலில் தெரிந்தது. பிறகு முகம். சிரித்துக்கொண்டிருந்தாள்.

இன்றும் வெள்ளிக்கிழமை நான் பேசுவதில்லை. மாத்திரையையும் நிறுத்தவில்லை. உங்களுக்கும் பிரஷர் பார்க்கிறார்களா? கொஞ்சம் முன்னதாகப் போய் அமைதியாக உட்காருங்கள். வாயால் யாரையும் கூப்பிடாதீர்கள். மனதால் அவளைக் கூப்பிடுங்கள். அவளுக்குக் கேட்கும்.