ஐந்து நாள் சாட்சி

நெய்யாற்றின்கரையில் ஒரு லேபில் வேலை பார்க்கிறேன். ஊரார் மூத்திரத்தைக் குப்பியில் வாங்கி, பேரும் நேரமும் எழுதி, சோதித்து முடிவு சொல்வது என் தொழில். அப்படிப்பட்ட நான் என் சொந்த மகளின் மூத்திர விஷயத்தில் ஐந்து நாள் ஏமாந்துபோனேன். ஏமாற்றியது அவளல்ல.

மகள் பிறந்தபோது அந்த வேலையை விட்டிருந்தேன். அவளுக்கு இரண்டரை வயதானபோது லேபிலிருந்து கூப்பிட்டார்கள். ஒன்றாம் தேதி வந்து சேர்ந்தால் வேலை உனக்கு, இல்லையென்றால் வேறு ஆள் என்றார்கள். வீட்டில் நானும் என் வீட்டுக்காரரும் மட்டும்தான். அவர் திருவனந்தபுரத்தில் ஓர் அச்சகத்தில் பைண்டிங் வேலை செய்கிறார். விடியுமுன் பாறசாலை ஸ்டேஷனுக்கு ஓடுகிறவர். பிள்ளையை எங்கே விடுவது?

பக்கத்து ஊரான கொல்லயிலில் ஒரு சேச்சி தன் வீட்டில் ஏழெட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார். நல்ல மனுஷி, ஆனால் கண்டிப்பு. மதியம் எல்லாப் பிள்ளைகளையும் ஒரே பாயில் உறங்க வைப்பார். உறக்கத்தில் நனைக்கிற பிள்ளை வேண்டாம், டயப்பர் கட்டியும் அனுப்ப வேண்டாம் என்று மலையாளத்தில் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். என் மகள் விழித்திருக்கும்போது ஓடிவந்து சொல்லிவிடுவாள். உறங்கிவிட்டால் மட்டும் மடை திறந்த மாதிரிதான். ஒன்றாம் தேதிக்கு ஏழு வாரம் இருந்தது.

நானும் என்னவெல்லாமோ செய்தேன். ஏழு மணிக்கு மேல் பால் இல்லை. படுக்குமுன் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தம் கேட்க வைத்து, பக்கத்தில் குத்தவைத்துப் பாட்டுப் பாடினேன். ஒன்றும் நடக்கவில்லை. காலையில் டயப்பர் கல்லாகக் கனக்கும். ஆத்திரம் பிள்ளைமேல் வரும், உடனே என்மேலேயே வரும்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறரைக்கு அவள் எழுந்தபோது டயப்பர் உலர்ந்து கிடந்தது. நான் நம்பாமல் உள்ளே விரலை விட்டுப் பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை. ரயிலில் போய்க்கொண்டிருந்த அவருக்குப் போன் போட்டுக் கத்தினேன். "நல்ல காரியமாக்கும்" என்றார். அவர் எப்போதும் அவ்வளவுதான் பேசுவார் என்பதால் நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. புதனும் உலர்ந்திருந்தது, வியாழனும் வெள்ளியும் அப்படியே. நனையாத டயப்பரை அன்று ராத்திரிக்கே திரும்ப மாட்டினேன். அதை வீசிவிட எனக்கு மனம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் சபைப் பெண்கள் யாராவது ஒருவர் வீட்டில் கூடி ஜெபிப்போம். பாட்டு, வேதவாசிப்பு முடிந்ததும் சாட்சி சொல்லும் நேரம். அந்த வாரம் கர்த்தர் செய்த நன்மை எதுவோ அதை எழுந்து நின்று சொல்ல வேண்டும். விசா கிடைத்தது, பரீட்சை பாஸானது, முதுகுவலி குறைந்தது என்று ஒவ்வொருவரும் சொல்வார்கள். நான் ஒருநாளும் எழுந்தவளில்லை. அன்று எழுந்தேன். நாலு நாளாக என் பிள்ளை நனைக்கவில்லை, எனக்கு வேலை திரும்பக் கிடைக்கப்போகிறது என்று அழுதுகொண்டே சொன்னேன். அறை முழுக்க ஸ்தோத்திரம் என்ற சத்தம் எழுந்தது.

சனிக்கிழமையும் உலர்ந்திருந்தது. ஞாயிறு காலை அவருக்கு லீவு, போர்த்திக்கொண்டு கிடந்தார். மகளைத் தூக்கினால் என் நைட்டி நனைந்தது. டயப்பர் தாண்டி, விரிப்புத் தாண்டி, மெத்தைக்கே போயிருந்தது. ஒரு நாள் தவறினால் என்ன என்று மனதைத் தேற்றிக்கொண்டு, அதைப் போட அடுக்களைக்குப் பின்னால் டயப்பருக்கென்றே வைத்திருக்கும் மூடி வாளியைத் திறந்தேன். ஐந்து நாளாக அந்த வாளியில் எனக்கு வேலையே இருந்ததில்லை. உள்ளே ஐந்து பொட்டலங்கள் கிடந்தன.

பழைய பேப்பரில் சுற்றிய பொட்டலங்கள். ஒவ்வொரு மூலையும் நகத்தால் நீவி, கத்தி வைத்தாற்போல் மடித்திருந்தது. இந்த வீட்டில் குப்பையைக்கூட அப்படி மடிக்கிற ஆள் ஒருவர்தான். ஒன்றைக் கையில் எடுத்தேன். கனத்தது.

பொட்டலத்தோடு போய்ப் போர்வையை இழுத்தேன்.

"இது என்னது?"

அவர் எழுந்து உட்கார்ந்தார். பொட்டலத்தைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

"அஞ்சு மணிக்கு நான் எழும்பும்ப பிள்ள நனைஞ்சு கிடந்தா. நீ அசந்து உறங்கினா. எழுப்பண்டாம்னு நானே மாத்திட்டுப் போனேன். அம்பிட்டுத்தான்."

"அப்பம் செவ்வாக்கிழமை போன் போட்டேனே, அப்பம் சொல்லக்கூடாதா?"

"சொல்லத்தான் நெனச்சேன். உனக்க சத்தத்துல அம்பிட்டு சந்தோசம் உண்டாயிருந்து. எனக்கு வாயி வரல்ல. பின்ன எப்பிடி நிறுத்தணும்னும் தெரியல்ல."

"நான் சபையில எழும்பி நின்னு சொன்னது பொய்யாக்கும்! கேட்டியளா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு வந்த கோபத்தில் அன்று ஆராதனைக்கு அவரோடு ஒரே ஸ்கூட்டரில் போகாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். பாதி வழியில் கை கடுத்தது. வேலை போய்விடும் என்ற பயம் அப்போதுதான் நெஞ்சில் வந்து உட்கார்ந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் தப்பான ரிசல்ட் கொடுத்துவிட்டோம் என்று தெரிந்தால் கூப்பிட்டுத் திருத்திச் சொல்லுவதுதான் எங்கள் தொழிலில் முறை. எழுந்து நின்று நடந்ததைச் சொன்னேன். முகம் சுட்டது. பிறகு மூலையில் இருந்த ஒரு மாமி, வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார்.

"எடி மக்கா, பிள்ள நனைக்காம ஆவியது எல்லா வீட்டிலயும் உண்டு. விடியக்காலம் எழும்பி மூத்திரத்துணி மாத்திட்டு வேலைக்குப் போற ஆம்பள எத்தற வீட்டுல உண்டு? நீ ஸ்தோத்திரம் சொல்லவேண்டியது அதுக்காக்கும்!"

அறையே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். ஸ்தோத்திரமும் சொன்னேன். வீட்டுக்கு வந்து அவருக்குச் சூடாகத் தோசை சுட்டுக் கொடுத்தேன். அந்த மாமி சொன்னதை மட்டும் சொல்லவில்லை. ரொம்பவும் இடம் கொடுக்கக்கூடாது.

அன்று முதல் லேபில் செய்வதையே வீட்டிலும் செய்தேன். ராத்திரி டயப்பரின் முன்பக்கத்தில் மார்க்கர் பேனாவால் தேதியும் நேரமும் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன். போடும்போதெல்லாம் சத்தமாகச் சொல்வேன்: "இதை அப்பா தொடப்படாது." மகளுக்கு அது விளையாட்டு. காலையில் என் கையெழுத்து இருக்கும், டயப்பர் கனக்கும். இப்படியே மூன்று வாரம் ஓடியது. லேபுக்குப் போன் போட்டு, நான் வரவில்லை என்று சொல்லிவிடலாமா என்று இரண்டு முறை நம்பரை எடுத்தேன்.

ஒன்றாம் தேதிக்கு எட்டு நாள் இருக்கும்போது ஒரு காலை கண் விழித்தேன். வெளிச்சம் வந்திருந்தது. ரயிலில் இருக்க வேண்டிய மனுஷர் சட்டை, பேன்ட் போட்டுக்கொண்டு, மடியில் பையோடு கட்டிலருகே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"வண்டி போச்சே! எதுக்கு இஞ்ச இருக்குதிய?"

"நான் போயிட்டு போன்ல சொன்னா நீ நம்புவியா?" என்று பிள்ளையைக் காட்டினார்.

குனிந்து பார்த்தேன். என் கையெழுத்து, நான் எழுதிய தேதி, நேரம். விரலை விட்டேன். ஈரமில்லை. மறுபடி விட்டேன். அவர் உதவிக்குக் கையை நீட்டியதும் மகள் கண்ணைத் திறந்து, உறக்கச் சடைவோடே அவர் கையைத் தட்டிவிட்டாள்.

"அப்பா தொடப்படாது."

நான் அவளை அப்படியே அள்ளிக்கொண்டு குளியலறைக்கு ஓடினேன். அவள் குத்தவைத்து வெகுநேரம் போனாள். நான் சுவரில் சாய்ந்து நின்று அழுதேன். வாசலில் நின்றவரும் கண்ணைத் துடைத்ததைப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு இரண்டு நாள் நனைந்தது, ஐந்து நாள் நனையவில்லை. சேச்சியிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். கொண்டு வா, பார்ப்போம் என்றார். ஒன்றாம் தேதி காலை நான் பிள்ளையைக் கொல்லயிலில் விட்டேன். எதற்கும் இருக்கட்டும் என்று, போகுமுன் அவர் ஒரு மாற்று ஜட்டியைப் பேப்பரில் பொட்டலமாக மடித்து அவள் பையில் வைத்திருந்தார். நாள் முழுக்கக் குப்பிகளில் பேரெழுதிக்கொண்டே மணி பார்த்தேன். சாயங்காலம் மகளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்ததும் முதல் வேலையாகப் பையைத் திறந்தேன். பொட்டலம் மடிப்புக் கலையாமல் இருந்தது.